யாரும் மாற மாட்டாங்கன்னு யார் சொன்னா?

அன்புள்ள அக்கா,
என் அண்ணன் ஃபேஸ்புக்ல பெண்ணுரிமை பத்தி பக்கம் பக்கமா எழுதறான், வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டான். ஹேஷ்டேக் போட்டு எதாவது மாறியிருக்கா? ஆம்பளைங்க யாரும் மாற மாட்டாங்கன்னு தினம் எழுதி எனக்கே அலுத்துப்போச்சு. அக்கவுண்ட்டை மூடிடலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,
அக்கவுண்ட்டை மூடறதும் வச்சுக்கறதும் உன் இஷ்டம்மா. மாறியிருக்கான்னா, மாறியிருக்கு. ஜப்பான்ல யூமி இஷிகாவான்ற நடிகை வேலை இடத்துல ஹீல்ஸ் போடச்சொல்ற கொடுமைய 2019ல ட்விட்டர்ல எழுதப்போய் அது 'குட்டூ'ன்ற ஹேஷ்டேகா பரவுச்சு, ஒரு அமைச்சரே ஹீல்ஸ் தேவைதான்ற மாதிரி பேசினார், ஆனாலும் அடுத்த வருஷமே ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் விமானப் பணிப்பெண்களுக்கு அந்த விதிய எடுத்துடுச்சு.

என்னை உறுத்தினது உன்னோட "யாரும் மாற மாட்டாங்க"தான். இதத்தான் கொஞ்ச நாளா யோசிச்சிட்டு இருக்கேன். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு மேனேஜர், மீட்டிங்ல எந்த பொண்ணு வாய திறந்தாலும் "கல்யாணம் ஆனா விட்டுட்டு போகப்போறீங்க, எதுக்கு இவ்ளோ ஆர்வம்"னு கேப்பார், ரூமே சிரிக்கும். அவர் போனப்புறம் பேசிப்பார்த்தா சிரிச்ச ஒருத்தருக்கும் அது பிடிக்கல, மத்தவங்களுக்கு பிடிக்குது போலன்னு ஆளாளுக்கு நினைச்சு சிரிச்சிருக்காங்க. இன்னிக்கும் வயிறு எரியுது.

சவுதி அரேபியா தலைநகர் ரியாத்ல இதையே ஆராய்ச்சியா பண்ணி 2020ல வெளியிட்டாங்க. பொண்ணுங்க வெளிய வேலைக்குப் போறதுல அங்க இருக்கற கல்யாணமான இளம் ஆம்பளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சம்மதம், ஆனா மத்தவங்கள்ல கொஞ்ச பேர்தான் ஒத்துப்பாங்கன்னு முக்கால்வாசி பேர் குறைச்சு நினைச்சிட்டு இருந்தாங்க. உண்மை நிலவரத்த சிலருக்கு சொன்னாங்க, அவ்ளோதான், அவங்கள்ல மனைவிக்கு வேலை தேடித்தர்ற சேவைல பதிவு பண்ணினவங்க கூடிட்டாங்க, சில மாசம் கழிச்சு பார்த்தா அந்த மனைவிங்க வேலைக்கு விண்ணப்பிச்சதும் கூடியிருந்துது. பாலியல் கொடுமைய பொண்ணுங்க வெளிய சொன்ன மீ டூவும் அப்படித்தான், அமெரிக்காவுல தரானா பர்க்ன்ற சமூக ஆர்வலர் 2006லயே ஆரம்பிச்சது, 2017 அக்டோபர்ல லட்சக்கணக்கான பேர் எழுதினப்போதான் தனக்கு மட்டும்னு நினைச்சிட்டு இருந்தவங்களுக்கு எத்தனை பேர்னு தெரிஞ்சுது.

இப்ப உன்ன திட்டப்போறேன், கோச்சுக்காத. எவனும் வீட்டு வேலை செய்ய மாட்டான்னு நீ தினம் எழுதற, அத படிக்கறவங்கள்ல பாத்திரம் கழுவ தயாரா இருக்கற ஒருத்தன், ஊர்ல யாருமே செய்யலையாம் நான் மட்டும் எதுக்குன்னு ஒதுங்கிடறான். நீ எதிர்க்கற வழக்கத்துக்கு நீயே ஆள் சேர்த்துக் குடுக்கற! கொடுமைய எழுதாதன்னு சொல்லல, தாராளமா எழுது, ஆனா செய்யறவன் இருக்கான்றதையும் எழுதித் தொலையேன்.

உன் அண்ணன் பதிவுக்கு லைக் போடற ஃப்ரெண்ட்ஸ்ல வீட்டு வேலை செய்யறவன் ஒருத்தனாவது இருப்பான். அவன கண்டுபிடிச்சு, வீட்டுல என்னென்ன செய்யறான்னு அந்தப் பதிவுக்கு கீழயே, உன் அண்ணன் பார்க்கற மாதிரி எழுத சொல்லு.