ஹசார்ட் சிமிட்டுகிறது, இண்டிகேட்டர் எரியவில்லை

கேள்வி: என்னிடம் 18 ஆண்டுப் பழைய சிறிய கார் இருக்கிறது. டாஷ்போர்டில் உள்ள ஹசார்ட் சுவிட்ச் சில வாரங்களாகத் தளர்ந்துபோய், அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. நகத்தால் நெம்பித்தான் வெளியே எடுக்கிறேன். ஹசார்ட் போட்டால் நான்கு விளக்குகளும் ஒழுங்காகச் சிமிட்டுகின்றன. ஆனால் இண்டிகேட்டர் மட்டும் எந்தப் பக்கமும் எரிவதில்லை. வொர்க்‌ஷாப்பில் சுவிட்ச், ஃப்ளாஷர் ரிலே (விளக்குகளைச் சிமிட்ட வைக்கும் சிறு மின் பாகம்) இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கூலியோடு 2,900 ராண்ட் கேட்கிறார்கள். என் தம்பி தானே சரிசெய்து தருவதாகச் சொல்கிறான். விடலாமா?
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக விடலாம். ரிலேக்கு மட்டும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஹசார்டுக்கும் இண்டிகேட்டருக்கும் பெரும்பாலான பழைய கார்களில் ரிலே ஒன்றுதான். நான்கு விளக்குகளும் ஒழுங்காகச் சிமிட்டுகின்றன என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் காரும் அந்த வகையானால் ரிலேயும் பல்புகளும் நன்றாகவே இருக்கின்றன.

சிட்டி கோல்ஃப் போன்ற பழைய கார்களில், இண்டிகேட்டருக்குப் போகும் மின்சாரமே ஹசார்ட் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. ஹசார்ட் அணைந்திருக்கும்போது சுவிட்சுக்குள் ஒரு செப்புத் தகடு மூடியிருந்து, சாவி வழியாக வரும் மின்சாரத்தை ரிலேக்கு அனுப்பும். ஹசார்டைப் போட்டால் அந்த வழி அடைபட்டு, பேட்டரியிலிருந்து நேரடி வழி திறக்கும். முதல் தகடு கறுத்துப்போனாலோ, சுவிட்ச் முழுதாக வெளியே வராமல் நின்றாலோ, நீங்கள் சொல்லும் கோளாறு அப்படியே வரும். ஹசார்டைத் தொடாமலே வைத்திருந்தாலும் தகடு தேயும், ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை செய்வது அதுதான். சாவியைப் போட்டு, இண்டிகேட்டரையும் இட்டுவிட்டு, ஹசார்டைப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அழுத்தி விடுங்கள். ஹசார்ட் அணைந்த நிலையில் இண்டிகேட்டர் ஒரு கணம் உயிர் பெற்றால் குற்றவாளி சுவிட்ச்தான். அசைவே இல்லையென்றால், சுவிட்சைத் தொடுவதற்கு முன் இண்டிகேட்டருக்குரிய ஃப்யூஸைப் பார்த்துவிடுங்கள். பல கார்களில் அது ஹசார்டின் ஃப்யூஸிலிருந்து வேறானது, விலையும் சில ராண்ட்தான்.

இனித் தம்பிக்கு. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் இருந்தால் அதை முன்பே தேடி எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஏர்பேக் உள்ள காரானால் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, அதன் வயர்களைத் தொடாமல் வேலை செய்ய வேண்டும். வெயிலில் காய்ந்த டாஷ்போர்டு பிளாஸ்டிக் அப்பளம் போல உடையும் என்பதால், ஸ்க்ரூட்ரைவருக்குப் பதில் பிளாஸ்டிக் நெம்பியால், சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, ஓர் ஓரமாக மெல்ல நெம்ப வேண்டும். இணைப்பியைக் கொக்கியை அழுத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பவர்கள்தான் 2,900 ராண்டைப் பிறகு கட்டுகிறார்கள்.

சுவிட்சைத் திறப்பதானால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறக்கட்டும். மூடி விலகியதும் அரிசிமணி அளவு ஸ்பிரிங் தெறித்து, இருக்கைக்கு அடியில் போய்விடும். கறுத்த முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, எலெக்ட்ரிக்கல் காண்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்டால் போதும். ஆனால் உங்கள் சுவிட்ச் சிக்கிக்கொள்வதைப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கக்கூடும். அதற்குப் பசை போடுவது வீண்வேலை, வேறு சுவிட்ச் வாங்குவதே சரி.

பழைய சுவிட்சின் மேல் பொறித்திருக்கும் பாக எண்ணை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்கோ ஸ்கிராப் யார்டுக்கோ போங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். பழைய பொருளாயினும் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இது பொருந்தும். ரசீதில் 'வூட்ஸ்டூட்ஸ்' (இருக்கிறபடியே விற்கப்படுகிறது) என்று பொதுவாக எழுதிவிட்டால் மட்டும் அவர் தப்ப முடியாது. குறிப்பிட்ட குறையைச் சொல்லி, நீங்களும் தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு. ஆனால் வாங்கிய சுவிட்சை நீங்களே திறந்து மாற்றம் செய்திருந்தால் அந்த உரிமை பலவீனப்படும். ஆகவே பரிசோதனையெல்லாம் பழைய சுவிட்சில் நடக்கட்டும். வாங்கியதைத் திறக்கவே வேண்டாம். வீட்டு வாசலில் தனியாள் விற்பதை வாங்கினால் இந்தச் சட்டத்தின் துணை கிடைக்காது.

வொர்க்‌ஷாப்பிடமே விடுவதானால், சுவிட்சுக்கும் ரிலேக்கும் தனித்தனித் தொகை குறித்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அதில் ரிலே வரியைக் கோடிட்டு அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவர்கள் போடும் புதிய பாகத்துக்கும் செய்யும் வேலைக்கும் 57-ஆம் பிரிவு குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. கழற்றிய பாகங்களையும் 67-ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்களை மீறி ரிலேயையும் மாற்றியிருந்தால், பழையதைத் திரும்பப் பொருத்தி அது சிமிட்டுகிறதா என்று தம்பி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்.