சுவரில் ஓதமா? முதலில் கூரையைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் 1790 வாக்கில் கட்டிய ஜார்ஜியன் வரிசை வீடு ஒன்றை வாங்கப் போகிறோம். பழைய கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரம். முன்னறைச் சுவரில் உப்புப் பூத்து பெயின்ட் உரிகிறது. இலவசமாகப் பார்க்க வந்தவர் கருவியால் குத்திப் பார்த்து, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, அதைத் தடுக்கச் சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அந்த இரட்டை ஊசிக் கருவி மரத்தின் ஈரம் பார்ப்பதற்கென்று வந்தது. மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்றுதான் காட்டும். சுவரில் உப்பு இருந்தாலே எண் எகிறிவிடும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. வந்தவருக்கோ ரசாயனம் விற்றால்தான் பிழைப்பு. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவாரா? கடன் கொடுப்பவர்களும் பல நேரம் இதே ஆட்களின் அறிக்கையைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்வது!

மேலே ஏறிப் பாருங்கள். தீ பரவுகிறது என்று, கூரை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த மர வேலைப்பாட்டை 1707-இல் லண்டனில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அப்புறம் முகப்புச் சுவரை உயர்த்தி, கூரையை அதன் பின்னால் மறைப்பது வழக்கமானது. பார்க்க அழகுதான். ஆனால் மழைநீர் விழுவது அந்தச் சுவருக்குப் பின்னால் ஈயத் தகடு போட்ட ஓடையில். இலை அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். தெருவில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து சிமென்ட். இவை நடுவே காற்று இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். பின்னால் வந்தவர் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே சிக்கும். வெளியே செங்கல் இணைப்பில் சாவியால் மெல்லக் கீறுங்கள்: சுண்ணாம்பு உதிரும், சிமென்ட் என்றால் சாவிதான் தேயும்.

கீழ்த்தள அறை மட்டும் வேறு கதை. மண்ணைத் தொடும் சுவரில் ஈரம் மண்ணிலிருந்தே வரும். ஆனால் இந்த வீடுகளில் பெரும்பாலும் தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே திறந்த பள்ளம் இருக்கும். அப்படியானால் கீழ்த்தளத்தின் முன்சுவர் மண்ணைத் தொடாது. நடைபாதைக்கு அடியிலுள்ள பழைய கரி அறை தொடும். அங்கேயும் ரசாயனத்தால் பயனில்லை, தண்ணீர் பக்கவாட்டில் வருகிறதே!

பட்டியல் வீட்டின் பழைய பூச்சைக் கொத்திப்போட உள்ளூராட்சி அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். ரசாயனம் விற்பவர் இதை வாய் தவறியும் சொல்லமாட்டார். எட்டு வாரத்தில் முடிவு என்பது விதி. விதி அதுபாட்டுக்கு இருக்கும், கோப்பு அதுபாட்டுக்குக் கிடக்கும்.

ஆகவே மருந்து எதையும் விற்காத, பழைய வீடு தெரிந்த கட்டடச் சர்வேயரை (வீட்டின் நிலையைச் சோதித்துச் சொல்பவரை) காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். மழை பெய்யும் நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.