சானாவும் குளிர்நீர்த் தொட்டியும்: இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு வயது 46. வாரத்தில் மூன்று நாள் ஓட்டப் பயிற்சியும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும் செய்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு வரும் உடல்வலி குறையும் என்று கேள்விப்பட்டு, கடற்கரையோர நலவாழ்வு நிலையம் ஒன்றில் சானாவுக்கும் (சூடேற்றிய அறையில் அமர்ந்து வியர்ப்பது) குளிர்நீர்த் தொட்டிக்கும் முன்பதிவு செய்திருக்கிறேன். எந்த வரிசையில், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? தொட்டிக்குப் பதிலாக நேரே கடலில் இறங்கலாமா?

பதில்: மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் பெரும்பாலோருக்குச் சானா ஒத்துக்கொள்கிறது. எனினும் சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அழுத்தத்தை இறக்குவதால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். உங்களுடையது சிறுநீரைப் பெருக்கும் வகை மாத்திரையாக இருந்தால், வியர்வையில் போகும் நீரும் உப்பும் அந்த இழப்போடு சேர்ந்துகொள்ளும். அதற்காக அன்றைய மாத்திரையை நீங்களாகவே தவிர்த்துவிடாதீர்கள். நெஞ்சுவலி, அண்மையில் வந்த மாரடைப்பு, இதய வால்வுச் சுருக்கம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போனாலோ, குளிர் பட்ட இடத்தில் தோல் தடித்தாலோ, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை குளிர்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டாம்.

நிலையத்தில் இருப்பது எவ்வகைச் சானா என்று கேளுங்கள். பின்லாந்து முறையில் காற்றின் வெப்பம் பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அகச்சிவப்புக் கதிர் அறையில் ஏறத்தாழ 45 முதல் 60 டிகிரிதான். மேல் பலகையில் சூடு அதிகம் என்பதால், முதல் முறை கீழ்ப் பலகையில் 8 முதல் 10 நிமிடம் அமர்ந்தால் போதும். படுத்திருந்தால், வெளியே வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே எழுந்து, கால்களைத் தொங்கவிட்டு உட்காருங்கள். ஒரு முறையிலேயே அரை லிட்டர் அளவுக்கு வியர்வை போகக்கூடும். முன்னும் பின்னும் தண்ணீர் அருந்துங்கள், அன்று மதுவை அறவே தவிர்த்துவிடுங்கள். கிழக்குப் பின்லாந்தில் 2,300க்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளிவந்த ஆய்வில், வாரம் ஒரு முறை சானா சென்றவர்களைவிட 4 முதல் 7 முறை சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாகக் காணப்பட்டது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் உடல்நலம் நன்றாக இருப்பவர்களே அடிக்கடி சானா செல்லவும் கூடும் என்பதால், அதை மாத்திரைக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது குளிர்நீரின் முதல் நிமிடத்தைப் பற்றித்தான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் உடல் சட்டென்று அமிழும்போது மூச்சு தானாக உள்ளே இழுபடும். அதைத் தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமாகும். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் மூச்சோடு நீரும் உள்ளே போய்விடும். கூடவே, சானாவில் விரிந்திருந்த இரத்தக் குழாய்கள் ஒரே கணத்தில் சுருங்குவதால், இறங்கியிருந்த அழுத்தம் விரைவாக ஏறும்; இதயத் துடிப்பும் வேகமாகும். முகமும் நீரில் மூழ்கினால் துடிப்பைக் குறைக்கும் மற்றொரு அனிச்சைச் செயல் தூண்டப்படுகிறது. ஒன்று துடிப்பைக் கூட்டவும் மற்றொன்று குறைக்கவும் முயல்வதால், சிலருக்குத் துடிப்பின் ஒழுங்கு தவறிவிடுகிறது. இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சம் தொட்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும்.

ஆகவே சானாவிலிருந்து நேராகத் தொட்டிக்குப் போகாமல், வியர்வையைக் கழுவிவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்குங்கள். குதிக்கவோ தலையை அமிழ்த்தவோ வேண்டாம். நீண்ட மூச்சாக வெளியே விடுவதிலேயே கவனம் இருக்கட்டும். வேகமாக மூச்சு இழுத்துவிடும் பயிற்சிகளை நீரிலும், நீரில் இறங்குவதற்குச் சற்று முன்பும் செய்தால் நினைவு தப்பும் ஆபத்து உண்டு. முதல் முறை 15 டிகிரி அளவில் ஒரு நிமிடம் இருந்து வெளியேறினால் போதும். குறுகிய நேரம் பலமுறை இறங்கிப் பழகினால் இந்த அதிர்ச்சி குறைகிறது என்பதால், வெப்பநிலையைக் குறைப்பதையும் நேரத்தைக் கூட்டுவதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீரின் வெப்பநிலையை எழுதிவைத்து, தொட்டியருகே ஒரு பணியாளரையும் நிறுத்தும் நிலையத்தையே, எத்தனை அழகான கடற்காட்சி உள்ள நிலையத்தைவிடவும் நான் மேலானதாகக் கருதுவேன்.

உடல்வலி குறையுமா என்றால், ஓரளவுக்குக் குறையும். பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மதிப்பாய்வு, பயிற்சிக்குப் பின் சும்மா ஓய்வெடுப்பதைவிடக் குளிர்நீரில் அமிழ்வது தசைவலியைக் குறைப்பதாகக் கண்டது; ஆனால் அது தொகுத்தவை சிறிய ஆய்வுகள். வலி குறைவதும் தசை வளர்வதும் வெவ்வேறு என்பதை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். 2015இல் வெளிவந்த 12 வார ஆய்வு ஒன்றில், எடைப் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி அளவிலான நீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்கு, மெதுவான உடற்பயிற்சியோடு முடித்துக்கொண்டவர்களைவிடத் தசை வளர்ச்சியும் வலிமையும் குறைவாகவே கூடின. எனவே எடைப் பயிற்சி நாட்களில் தொட்டியைத் தவிர்த்து, நீண்ட ஓட்டம் முடிந்த நாளுக்கோ பயிற்சியில்லாத நாளுக்கோ உங்கள் முன்பதிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வருகையில் சானா, ஓய்வு, தொட்டி என ஒரு சுற்று போதும். நீரைவிட்டு வெளியே வந்த பிறகும் சில நிமிடங்களுக்கு உள்ளுடல் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், உடனே துடைத்து, உலர்ந்த உடை அணிந்து உட்காருங்கள். நடுக்கம் நிற்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

தொட்டிக்குப் பதிலாக இப்போதைக்குக் கடல் வேண்டாம். தொட்டியில் நீங்கள் கட்டுப்படுத்தும் எதையும் கடலில் கட்டுப்படுத்த முடியாது: நீரின் வெப்பநிலை அன்றைய கடலைப் பொறுத்தது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, மூச்சு திணறும் அதே நிமிடத்தில் அலை முகத்தில் அடிக்கலாம், கைகால் தசைகள் குளிர்ந்து வலுவிழக்கும் நேரத்தில் நீரோட்டம் இழுக்கலாம். தொட்டியில் உங்கள் மூச்சு ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் சீராகிவிடுகிறது என்று உறுதியான பிறகு, அமைதியான நாளில், உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் இடத்தில், துணைக்கு ஒருவர் கூட நிற்க, இடுப்பளவு நீர்வரை மட்டும் நடந்து இறங்கலாம்.