பெரிய மதத் தலைவர் ஒருவர் வந்து தங்கினால் ஊருக்கு லாபமா, தொல்லையா?

பேப்பரில் வருகிற கணக்கு வேண்டாம், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, பார்த்ததைச் சொல்கிறேன்.

மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கொஞ்ச தூரம் நடந்தால் மூர் தெரு, அங்கே சைஃபீ மசூதி. 2025 முஹர்ரத்துக்கு தாவூதி போராக்களின் தலைவர் சையத்னா முஃபத்தல் சைஃபுத்தீன் சென்னை வந்து உரையாற்றியது அங்கேதான்.

பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் வாங்கியவர்களுக்குப் போராக்களைத் தெரிந்திருக்கும். பூர்வீகம் குஜராத், ஷியா பிரிவு, வெள்ளைத் தொப்பியில் தங்க ஜரிகைக் கரை. சையத்னா அவர்களுக்கு 53ஆவது தாயி, அதாவது மதத் தலைவர். இருப்பது மும்பையில். ஆனால் முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாளுக்கு மட்டும் வருடம் ஒரு ஊர். 2018இல் இந்தூர், 2019இல் கொழும்பு, 2023இல் துபாய், 2024இல் கராச்சி. அவர் எங்கேயோ அங்கே உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிவிடுவார்கள்.

முதலில் தொல்லை. ரோட்டை அடைத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மண்ணடியில் ரோடு என்றைக்குத் திறந்திருந்தது? எங்களை அடித்தது ஷட்டர்தான். அந்தப் பத்து நாளும் போரா கடைகள் மூடியே கிடக்கும். கடையைச் சாத்திவிட்டு உரை கேட்கப் போவது அவர்களுக்குக் கடமை. அம்பத்தூரிலிருந்து ஒருவர் குறிப்பிட்ட அளவில் ஆங்கர் போல்ட் கேட்டு வந்தார். எங்களிடம் இல்லை. வழக்கமாக எதிர்க்கடை போரா சேட்டிடம் வாங்கிக் கொடுப்போம். அன்றைக்குப் பூட்டு. மனுஷன் மூன்று தெரு சுற்றிவிட்டு, "ஒரு போல்ட்டுக்காக என் மெஷின் நிக்குதுய்யா" என்று எங்கள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை விட அடி வாங்கியது எங்கள் லோடு அண்ணன். பகலில் குட்டி யானை தெருவுக்குள் வர முடியாது. வண்டி வராவிட்டால் மூட்டை இல்லை, மூட்டை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. அவர் வீட்டுக் கணக்கில் பத்து நாள் என்பது ஒரு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு. நகரத்துக்கு இத்தனை கோடி வருமானம் என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே அவர் முகம்தான் ஞாபகம் வரும். லாட்ஜ்காரருக்கும், ஆட்டோக்காரருக்கும், முனையில் டீக்கடை போட்டிருப்பவருக்கும் நல்ல காசு, மறுக்கவில்லை. ஆனால் காசு வந்த பை வேறு, போன பை வேறு.

எதிர்க்கடை சேட் வீட்டில் மட்டும் பதினாலு விருந்தாளிகள். இரண்டு ரூம் வீடு! தான்சானியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஹாலில் வரிசையாகப் படுத்திருந்தது. நடுவில் ஒருநாள் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். தரையில் துணி விரித்து, ஒரு வளையத்தின் மேல் பெரிய வட்டத் தட்டு. தால் என்கிறார்கள். எட்டுப் பேர் சுற்றி உட்கார வேண்டும், எல்லோருக்கும் அந்த ஒரே தட்டு. வீட்டுப் பையன் செம்பும் கிண்ணமுமாக வந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினான். தலைக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். முதலில் விரல் நுனியில் உப்பைத் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். அப்புறம் இனிப்பு, அதற்கப்புறம்தான் காரம். எனக்கு எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் தன் பக்கத்துக் கறித்துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. கடைசியில் மறுபடியும் உப்பு. முப்பது வருடமாக எதிரெதிர்க் கடை, தினமும் சில்லறை மாற்றுகிறோம், அவர் வீட்டுப் படியேறியது அன்றைக்குத்தான்.

பத்தாம் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பிறை பார்ப்பதில்லை, கணக்குப் போட்ட காலண்டர். அதனால் நம் ஊர் முஹர்ரத்துக்கு முன்பாகவே அவர்களுக்கு ஆஷூரா, அதாவது அந்தப் பத்தாம் நாள், வந்துவிடும். உரை அரபி கலந்த குஜராத்தி மாதிரி ஒரு மொழியில் இருக்கும். எனக்கு 'ஹுசைன்' என்ற பெயரைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் சாயங்காலம், நபிகளின் பேரன் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்ட கட்டம் வந்ததும் உள்ளே அத்தனை பேரும் அழுதுகொண்டே உள்ளங்கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். 680ஆம் வருடம் நடந்த சாவுக்கு நேற்று செத்த மாதிரி அழுகிறார்களே என்று அவர் கேட்டதில் கிண்டல் இல்லை.

அப்புறம் ஷட்டர் திறந்தது. அம்பத்தூர்காரருக்கு போல்ட் போய்ச் சேர்ந்தது. லோடு அண்ணன் முதல் மூட்டையை இறக்கிவிட்டு, அடுத்த வருஷமும் இங்கேதானா என்று சேட்டிடம் கேட்டார். எந்த ஊர் என்று கிட்டத்தில்தான் சொல்வார்கள் என்றார் சேட்.

"இங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க சேட்டு. பத்து நாளும் உங்க சமையக்கட்டுல தால் தூக்க வரேன்" என்றார் அண்ணன்.