இறந்த நாளைப் பிறந்தநாள் என்றவர்கள்

அன்புள்ள ஐயா,

திருச்சபையின் விழாக்களைக் குறிக்கும் திருவழிபாட்டு நாட்காட்டி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு கேள்வி. டிசம்பர் 25 ரோமானியர்களின் சூரியக் கடவுள் பிறந்தநாள், நவம்பர் 1 ஐரோப்பாவின் பழைய இனமான கெல்டியர்களின் பண்டிகை, புனிதர்கள் எல்லாம் பெயர் மாற்றிய பழைய தெய்வங்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு நீண்ட செய்தி வந்தது. அதைப் படித்ததிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. எல்லாமே இரவல் என்றால் எதைக் கொண்டாடுவது? ஒவ்வொரு வருடமும் அம்மா இறந்த தேதியில் பூசையில் பெயர் வாசிக்கக் கொடுப்பேன். இந்த வருடம் கொடுக்கவில்லை. தேதியும் போய்விட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்டது டிசம்பர் 25 பற்றி. நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் கடைசி மூன்று வரிகளை. கொஞ்ச நாளாகவே நான் இறந்த தேதிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம், அந்த வரிகளைத் தாண்ட முடியவில்லை.

கேட்டதற்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறப்பாகக் குறிக்கும் மிகப் பழைய உறுதியான பதிவு, ரோமில் 354-இல் தொகுத்த ஒரு நாட்காட்டி நூலில் இருக்கிறது. அதே நூலின் வேறொரு பகுதியில் அதே தேதிக்கு நேராக ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்’ என்றும் இருக்கிறது, வெல்லப்படாதவன் என்பது சூரியக் கடவுள். சூரியனிடமிருந்து எடுத்தார்கள் என்கிறது ஒரு தரப்பு. இயேசு இறந்ததும் கருவானதும் மார்ச் 25 என்று நம்பி ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்கிறது இன்னொரு தரப்பு, ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தினாரே அந்தக் கணக்கை எழுதியிருக்கிறார். வாதம் இன்னும் முடியவில்லை, நடக்கட்டும். எல்லாப் புனிதர் விழா வரும் நவம்பர் 1-ஐப் பற்றி ஒன்றே ஒன்று: ரோமில் பழைய தெய்வங்களின் பாந்தியன் கோவிலை எல்லா இரத்தசாட்சிகளுக்கும், அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கும், ஆலயமாக்கியது ஒரு மே 13-இல், நவம்பருக்கு வந்ததெல்லாம் பிறகு. சரி, இது போதும்.

இப்போது உங்களோடு கொஞ்சம் சண்டை. அந்த 354-ஆம் ஆண்டு நூலில் கிறிஸ்து பிறப்பு எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று செய்தி அனுப்பியவர் சொன்னாரா? நீங்களாவது தேடிப் பார்த்தீர்களா? பட்டியலின் தலைப்பு ‘இரத்தசாட்சிகளின் அடக்கம்’. முதல் வரியில் கிறிஸ்து பெத்லகேமில் பிறக்கிறார், அதற்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் சாவு. ஜனவரி 20, செபஸ்தியார், கத்தகும்பாஸ் என்ற இடத்தில். ஜனவரி 21, ஆக்னஸ், நொமெந்தானா சாலையில். ஆகஸ்ட் 10, லாரன்ஸ், திபுர்த்தினா சாலையில். நாள், பெயர், புதைத்த இடம், அவ்வளவுதான். ஒரு அற்புதம்கூட எழுதவில்லை. எந்தத் தேதியில் எந்தச் சாலையில் நடந்து யாருடைய கல்லறைக்குப் போகவேண்டும் என்று தெரிந்துகொள்ள எழுதிவைத்த குறிப்பு அது. அந்த மூன்று பேரின் நினைவும் இன்றுவரை அதே தேதிகளில்தான் வருகிறது.

கதைகள் பின்னால் ஏறின, அதை நான் மறுக்கவில்லை. வரலாற்றில் காலூன்ற முடியாத புனிதர்களும் உண்டு. ஆனால் வேர் கல்லறையில் இருக்கிறது. 250 வாக்கில் கிறிஸ்தவர்களை வதைப்பது நடந்துகொண்டிருந்தபோது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், தான் மறைந்திருந்த இடத்திலிருந்து குருக்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: சிறையில் சாகிறவர்களின் தேதிகளைக் குறித்துவையுங்கள், நாம் நினைவுகூர வேண்டும் என்று. அவர் கவலைப்பட்டது ஒரு தேதி தொலைந்துவிடக் கூடாதே என்று.

அதற்கும் நூறு வருடம் முன்னால், இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னாவில் முதிய ஆயர் போலிக்கார்ப்பைக் கொன்று உடலை எரித்தார்கள். அவருடைய மக்கள் எலும்புகளைப் பொறுக்கி எடுத்தார்கள். விலையுயர்ந்த கற்களைவிட, பொன்னைவிட மேலானவை என்று எழுதினார்கள். அப்புறம், வருடா வருடம் அங்கே கூடி அவர் சாட்சியாக இறந்த நாளின் ‘பிறந்தநாளை’க் கொண்டாடுவோம் என்றார்கள். இந்த ஒரு சொல்லில் நின்று பாருங்கள். ரோமானியர்களும் இறந்தவரின் கல்லறைக்குப் போனார்கள், ஆனால் அவர் பிறந்த தேதியில் போவது வழக்கம். இவர்களோ இறந்த தேதியில் போய் அதைப் பிறந்தநாள் என்றார்கள். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிஜன் கடிந்துகொண்டார். இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொது நாட்காட்டியில் மண்ணில் பிறந்த நாளுக்காக வரும் விழாக்கள் மூன்றே மூன்று: இயேசுவுக்கு, மரியாவுக்கு, திருமுழுக்கு யோவானுக்கு. மற்றப் புனிதர்களுக்கு, தேதி தெரிந்தவரை, இறந்த நாள்தான். எந்தச் சூரியக் கடவுளிடமிருந்து இதை இரவல் வாங்கினார்கள்?

ஆனால் இரவல் வாங்கிய ஒன்று உண்டு. அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவில் செய்து பழகியபடியே, மிலானிலும் இரத்தசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு போகிறார். வாயில்காப்பவர் தடுக்கிறார். ஆயர் அம்புரோசின் கட்டளை அது: குடித்து விழுகிறார்கள், தவிர இது ரோமானியர்கள் தங்கள் முன்னோருக்குச் செய்யும் சடங்கு போலவே இருக்கிறது என்று. மோனிக்கா மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிகிறார். ஆக, வாங்கியது எந்தத் தெய்வத்தின் விழாவையும் இல்லை, பெற்றோரைப் புதைத்த பிள்ளைகள் செய்ததை. தன் வீட்டுச் சாவுக்குச் செய்ததை, சொந்தமே இல்லாத ஆக்னஸுக்கும் லாரன்ஸுக்கும் செய்தார்கள். இதையா நீங்கள் இரவல் என்று ஒதுக்குகிறீர்கள்? நாலு பத்திச் செய்திக்காக உங்கள் அம்மாவின் பெயரை நிறுத்தினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் அம்மாவின் செபப் புத்தகத்தில், பின் அட்டையின் உள்பக்கம், பென்சிலில் தேதிகள் இருக்கும். அவருடைய அப்பா, இரண்டு அண்ணன்கள், பிறந்து சில நாளே இருந்த ஒரு குழந்தை. கடைசியில் ஒரு பெண்ணின் பெயர். அம்மா போனபிறகு உறவில் எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், அது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தேதியில் அந்தப் பெயரையும் நான் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தேதி போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். தேதிகளைக் குறிக்கச் சொன்ன அந்தச் சிப்ரியானின் தலையை வெட்டியது 258 செப்டம்பர் 14-இல். அன்று திருச்சிலுவை விழா வருவதால் அவருடைய நினைவே 16-க்குத் தள்ளிப்போய்விட்டது. உங்கள் அம்மாவுக்கும் தள்ளிப்போகட்டும், இந்த ஞாயிறு பெயரைக் கொடுங்கள்.