இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மதம் எவ்வளவு தூரம் பேசுகிறது?

கேள்வி: கூடலூரில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். இலங்கையில் பௌத்தர் மட்டும்தான் ஜனாதிபதி ஆக முடியும் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

பதில்: சட்டத்தில் அப்படி இல்லை. எந்த மதத்தவரும் போட்டியிடலாம். ஆனால் 1978 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. இதுவரை ஜனாதிபதியான எல்லோருமே சிங்கள பௌத்தர்கள்தான். தாத்தா சொல்வது நடைமுறையை.

அங்கே ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்களில் சுமார் 70 சதவீதம் பௌத்தர்கள். அதனால்தான் வேட்பாளர்கள் புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் கண்டி தலதா மாளிகைக்குப் போய் வணங்கி, மல்வத்த, அஸ்கிரிய மகாநாயக்கர்களிடம் (பௌத்த பீடங்களின் தலைமைத் துறவிகள்) ஆசி வாங்குகிறார்கள்.

2019ஐப் பாருங்கள். ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுவெடிப்பு; 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பயத்தில் அப்பாவி முஸ்லிம்களும் தாக்கப்பட்டார்கள். நவம்பர் தேர்தலில் பாதுகாப்பை முன்வைத்த கோட்டாபய ராஜபக்ஷ 52 சதவீதம் பெற்று, அனுராதபுரத்தின் ருவன்வெலிசாய பௌத்த தூபி அருகே பதவியேற்றார். தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் வடக்கு, கிழக்கு, மலையகத்து நுவரெலியா எல்லாம் எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாச பக்கம் நின்றன. சஜித்தும் பௌத்தர்தான். ஆகவே பக்தியைவிட, சிறுபான்மையினர் யாரிடம் பாதுகாப்பாக உணர்ந்தார்கள் என்பதே அங்கே வாக்கைப் பிரித்தது என்பது என் கணிப்பு.

அப்புறம் 2022இல் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசை நின்றது. அதே கோட்டாபய நாட்டைவிட்டே போனார். 2024இல் அநுர குமார திசாநாயக்க வென்றபோது விலைவாசியும் ஊழலும்தான் பெரிய பேச்சு. 9ஆம் பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.