ஃபாலங்க்ஸ் ஈட்டி வரிசை ஓவர்பவர் இல்லை, நேராகப் போய் மோதாதீர்கள்

ரோம் 2 போர் வீடியோ கேமில் டிவைட் எட் இம்பெரா மோட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) போட்டு ஆடுகிறேன், மாசிடோனியாவின் ஈட்டி வரிசை என் ரோமானிய பிரின்சிபெஸ் வாள்வீரர்களை அரைத்துத் தள்ளுகிறது, பேலன்ஸே இல்லை என்று புலம்பியிருந்தீர்கள். நானும் முதல் ஆட்டத்தில் இப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சரிசா ஈட்டி ஐந்தாறு மீட்டர் நீளம், முதல் ஐந்து வரிசைகளின் முனைகளும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், அதில் போய் வாளோடு மோதினால் வேறென்ன நடக்கும்?

கி.மு. 197-இல் கிரேக்கத்தின் சைனோசெஃபாலியில் நடந்த போரில் மாசிடோனியாவை ரோமானியர்கள் ஜெயித்ததே, பெயர் தெரியாத ஒரு டிரிபியூன் (படை அதிகாரி) 20 மேனிபிள் படைப்பிரிவுகளைத் திருப்பிக்கொண்டு போய் எதிரியின் முதுகில் அடித்ததால்தான். நீங்களும் அதையே செய்யுங்கள்: நடுவில் நிற்கும் டிரியாரி ஈட்டி வீரர்களிடம், அடிக்காமல் சும்மா தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஹஸ்தாட்டி வாள்வீரர்களைப் பக்கவாட்டில் அனுப்பி பைலம் என்ற எறியீட்டியை எதிரியின் முதுகில் எறியவிடுங்கள், குதிரைப்படையைக் கடைசிவரை ஒளித்து வையுங்கள். முடிந்தால் கரடுமுரடான மேட்டுக்கு இழுத்து வாருங்கள், பிட்னா போரில் மாசிடோனியர்களின் வரிசை பிளந்தது அப்படித்தான்.

அப்புறம், ஈட்டிக்காரர்களின் அட்டாக்கைக் குறைக்கும் சப்மோட் (மோடுக்கு மேல் போடும் குட்டி மோட்) எதையும் தயவுசெய்து போடாதீர்கள். அதற்குப் பிறகு இதே ஈட்டி வரிசையை நம்பியிருக்கும் செலூசிட், தாலமி அரசுகள் இரண்டும் வெறும் டம்மி ஆகிவிடும், ஆட்டமே சப்பென்று போய்விடும்.